உயிர் பிழைத்தவனின் கால் வலி

எங்க வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். அதுவும் தம்பியின் காலைப் பார்த்து இல்லை, செருப்பைப் பார்த்து. 2021 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம், வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டிருந்தோம். வாசலில் கிடந்த அவன் ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னடி, ஒண்ணு தேஞ்சு ஓட்டை விழப்போகுது, இன்னொண்ணு இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றாள். வலது செருப்பின் குதிகால் அப்பளமாக மெலிந்திருந்தது. இடது செருப்பில் அடிப்பக்கத்து வரிகள்கூட அழியவில்லை.

அவனைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னோம். வாசலிலிருந்து தெருமுனை வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். இடது காலை வைத்ததும் சுடுமணலில் வைத்தவன்போல சட்டென்று எடுத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்து நடந்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஜூன்ல இருந்துக்கா" என்றான். ஏழு மாதம். ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, தலையைக் குனிந்துகொண்டு, "கேன்சரே போயிருச்சு. இனிமே கால் வலின்னு வந்து நின்னா நல்லாவா இருக்கும்?" என்றான்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு பதிலுக்காகத்தான். வீட்டுக்கு வந்து பார்த்த ஒவ்வொருவரும் அவனிடம் "உயிர் பிழைச்சதே பெரிசுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, இனிமேல் எதையும் வலி என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அந்த ஏழு மாதத்தில்தான் அவனுடைய இடது இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் எலும்பு நொறுங்கிப்போனது.

முதலிலிருந்து சொல்கிறேன். 2016ல் அவனுக்கு 17 வயது, பிளஸ் டூ முடித்திருந்தான். ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் நீலத் திட்டு, விடாத காய்ச்சல். மதுரையில் ரத்தப் பரிசோதனை, அடுத்த நாளே சென்னைக்கு ரயில். ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடச் சிகிச்சை என்றார்கள், அதைப் பொறுமையாக முடிக்கும் நேரத்தில், 2019 தொடக்கத்தில், நோய் திரும்பி வந்தது. மறுபடியும் கீமோ கொடுத்து நோயை அடக்கி, உடனே டிரான்ஸ்பிளான்ட், அதாவது வேறொருவரின் எலும்பு மஜ்ஜை செல்களை ஏற்றுவது, செய்ய வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்குப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். எனக்கு முழுசாகப் பொருந்தியது. அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தரையில் விழுந்து கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று தெரியாது.

எலும்புக்குள் ஊசி போட்டு எடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஐந்து நாள் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள், மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உண்டாக்குகிற மூலசெல்கள் ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக. முதுகெலும்பும் இடுப்பும் காய்ச்சல்காரனுக்கு உளைவது மாதிரி உளைந்தது. அப்புறம் இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு கையில் ரத்தம் வெளியே போய், மெஷினுக்குள் சுற்றி, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. நாலரை மணி நேரம். நடுவில் உதடெல்லாம் குறுகுறுத்தது, ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைப்பதால் அப்படி ஆகும் என்று சிஸ்டர் கால்சியம் கொடுத்தார். கடைசியில் தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு பை. அவ்வளவுதான் என் தம்பியின் உயிர்.

அந்தப் பை அவன் உடம்பில் ஏறியது 2019 செப்டம்பரில். மூன்று வாரத்தில் வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கின, வார்டே சந்தோஷப்பட்டது. 24ஆம் நாள் உள்ளங்கை சிவந்தது. மறுநாள் காது மடல், முதுகு. அதற்கடுத்து வயிற்றுப்போக்கு, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. ஜி.வி.ஹெச்.டி. என்றார்கள். கொடுத்தவரின் செல்கள் புது உடம்பைத் தன்னுடையது என்று ஏற்காமல் தாக்குவது. அதாவது என் செல்கள், அவன் தோலையும் குடலையும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே அவனை அடித்துக்கொண்டிருந்ததும் நான்தான் என்கிற எண்ணத்தை என்னால் தள்ள முடியவில்லை.

அதை அடக்கக் கொடுத்த மருந்துதான் ஸ்டீராய்டு. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று தொடங்கினார்கள், அவன் அப்போது 52 கிலோ, ஆக ஒரு நாளைக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல். மூன்றாம் நாளே வயிறு கொஞ்சம் அடங்கியது, அது எங்களுக்குச் சாமி இறங்கி வந்த மாதிரி இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார்கள், குறைக்கும்போது தோல் மறுபடி சிவக்கும், திரும்ப ஏற்றுவார்கள், இப்படியே 2020 ஆகஸ்ட் வரை இழுத்தது. முகம் நிலா மாதிரி உருண்டது, சர்க்கரை ஏறியது, கை கால் குச்சியானது. இதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எலும்பைப் பற்றிச் சொன்னார்களா என்றால், கையெழுத்து வாங்கிய தாள்களில் எங்கேயாவது இருந்திருக்கலாம், எங்கள் காதில் விழுந்த மாதிரி யாரும் சொல்லவில்லை. பின்னாளில் ஒரு ராத்திரி டிஸ்சார்ஜ் தாள்களை எல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு, டிரான்ஸ்பிளான்டுக்குப் பிறகு அவன் விழுங்கிய ஸ்டீராய்டைக் கூட்டிப் பார்த்தேன். 9 ஆயிரம் மில்லிகிராமை நெருங்கியது. 2016லிருந்து கீமோவோடு சேர்த்துக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு இந்தக் கணக்கில் இல்லை.

எலும்பு என்றால் கல் மாதிரி, அதற்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எலும்பு உயிருள்ள பொருள். உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறது, பழையதைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்தோமே, அந்த இடுப்பு மூட்டில் பந்தாக இருப்பது தொடை எலும்பின் தலைப்பகுதி. அதற்கு ரத்தம் போகும் வழி ரொம்பக் குறைவு. பெரும்பகுதி ஒரே தமனியின் மெல்லிய கிளைகள் வழியாக, எலும்பின் கழுத்தை ஒட்டி மேலேறிப் போகிறது. எங்க அருப்புக்கோட்டையில் கடைசித் தெருவுக்கு ஒரே குழாயில் தண்ணீர் வருவது மாதிரி. அந்தக் குழாய் அடைத்தால் வேறு வழியில்லை.

ஸ்டீராய்டு அதிகமாக, நீண்ட நாள் போகும்போது மஜ்ஜைக்குள் இருக்கும் கொழுப்பு செல்கள் பெருத்துப்போகின்றன. எலும்பு விரிந்து கொடுக்காத டப்பா, அதற்குள் ஒன்று பெருத்தால் மற்றது நசுங்கத்தான் வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறி, சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவரும் கெடுகிறது, நுண்ணிய கொழுப்புத் துணுக்குகள் போய் அடைக்கின்றன, எலும்பு செல்களே நேரடியாகவும் சாகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்துதான் நடக்கிறது. 1948லேயே சாண்ட்லர் என்ற மருத்துவர் இந்த நோயை இதயத்து ரத்தக் குழாய் நோயோடு ஒப்பிட்டு, இடுப்புக்கு வரும் அதே நோய் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கவில்லை. மாரடைப்பில் இதயத்தசை ஒரு பகுதி சாவதுபோல, இதில் எலும்பின் ஒரு பகுதி சாகிறது. ஆஸ்பத்திரியில் ஏ.வி.என். என்பார்கள்.

கொடுமை என்னவென்றால் எலும்பு செத்த அன்றைக்கு எதுவும் தெரியாது. செத்த எலும்பும் கொஞ்ச காலம் எடையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். உடம்பு அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, செத்த பகுதியைக் கரைக்கிறது, ஆனால் கரைக்கிற வேகத்துக்குக் கட்ட முடிவதில்லை. ஓட்டைவிழுந்த சுவர் மேல் ஆள் ஏறி நிற்கிற நிலை. ஒருநாள் குருத்தெலும்புக்குக் கீழே விரிசல் விட்டு, உருண்டை தட்டையாகிறது. அப்புறம்தான் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.

இதெல்லாம் தெரியாமல் நாங்கள் உள்ளூரில் இன்னும் மூன்று வாரத்தைத் தொலைத்தோம். அவன் முதலில் காட்டியது முழங்காலை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புகளின் கிளைகள் போவதால், இடுப்பில் இருக்கிற கோளாறு முழங்காலில் வலிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஒரு டாக்டர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கால்சியமும் வலி மாத்திரையும் கொடுத்தார். அம்மா விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்தாள். பக்கத்து வீட்டு மாமா கட்டுப் போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார், நல்லவேளை அப்பா கேட்கவில்லை. ஒரு நாள் அவன் டி.வி.எஸ். வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். இடது காலைத் தூக்கித் தாண்டிப் போட முடியாமல், இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, கட்டையைத் தூக்கிவைப்பது போலத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தான். எங்கே இழுக்கிறது என்று காட்டச் சொன்னேன். முழங்காலைக் காட்டவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டே கவட்டையில் கை வைத்தான்.

கவட்டை என்ற அந்த ஒரு வார்த்தையைச் சென்னைக்குப் போன் செய்து சொன்னதும், டிரான்ஸ்பிளான்ட் டாக்டர் மேடம் ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "நாளைக்கே கிளம்பி வாங்க. அதுவரை இடது கால்ல எடை போட வேண்டாம், கம்பு ஊனிக்கட்டும்" என்றார்.

எம்.ஆர்.ஐ. படத்தை எலும்பு டாக்டர் திரையில் போட்டுக் காட்டினார். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பயப்படாம பாருப்பா, உன் உடம்புதானே" என்றார். இரண்டு பந்து தெரிந்தது. வலது பக்கம் உருண்டை உருண்டையாகவே இருந்தது, ஆனால் உச்சியில் மேப்பில் மாவட்ட எல்லை வரைந்த மாதிரி ஒரு கோணல் கோடு வளைந்து போனது. அந்தக் கோட்டுக்குள் இருப்பது செத்த எலும்பு, வெளியே இருப்பது உயிருள்ள எலும்பு. வலது பக்கம் அவனுக்கு வலியே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடது பக்கம் அந்தக் கோட்டைத் தேட வேண்டியதே இல்லை. மேல்பக்கம் அழுந்தி, மிதித்த பன் மாதிரி ஆகியிருந்தது. இரண்டு முழங்காலுக்கு மேலேயும் அதே மாதிரி திட்டுகள். ஸ்டீராய்டால் வருவது பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நிற்காதாம்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா?" என்று அப்பா கேட்டார். டாக்டர் நேராகப் பதில் சொன்னார்: "இடது பக்கத்தையும் வலது பக்கம் மாதிரி டிரை பண்ணியிருக்கலாம் சார். நிச்சயமா காப்பாத்தியிருக்கலாம்னு சொல்ல மாட்டேன்." அவர் அப்படிப் பொய் ஆறுதல் சொல்லாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

வலது பக்கத்துக்கு 2021 மார்ச்சில் துளையிடும் ஆபரேஷன். தொடையின் பக்கவாட்டிலிருந்து துளைபோட்டு, எலும்பின் கழுத்து வழியாகச் செத்த பகுதி வரைக்கும் போய், உள்ளே ஏறியிருக்கிற அழுத்தத்தை இறக்கிவிடுவது. குக்கரில் விசில் தூக்கிவிடுகிற மாதிரி என்று சொன்னார்கள். பந்து இன்னும் நொறுங்காமல் இருந்தால் மட்டும்தான் இதில் பிரயோஜனம். அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்தக் காலில் எடை போடக் கூடாது, மறு காலோ நொறுங்கிப்போன கால். ஆக ஆறு வாரமும் சக்கர நாற்காலி. வீட்டுக்குள் அது நுழைய, அப்பா வாசப்படியை உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் போட்டார்.

இடது பக்கத்துக்கு மூட்டு மாற்று ஒன்றுதான் வழி. ஆனால் கோவிட் இரண்டாம் அலை, மே மாதம் முழு ஊரடங்கு, அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் தள்ளிப்போனது. அவனுக்கோ எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையே டிரான்ஸ்பிளான்டுக்குப் பிறகு கைக்குழந்தைக்குப் போடுவது மாதிரி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தோம். உலோக மூட்டில் கிருமி ஏறினால் அது பெரிய கஷ்டம், காத்திருக்கலாம் என்றார்கள். ஒரு வருடம் காத்திருந்தான். ராத்திரியில் புரண்டு படுக்கும்போது அவன் பல்லைக் கடிக்கிற சத்தம் பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும்.

அந்த ஜூலையில்தான் ஏ.வி.என். என்ற எழுத்துகள் திடீரென்று பேப்பரில் வந்தன. மும்பையில் கோவிட் வந்து குணமான, 40 வயதுக்குட்பட்ட மூன்று பேருக்கு இடுப்பு எலும்பு செத்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி. கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டுதான் காரணம் என்றார்கள். அந்த மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில் மூன்று பேரும் எடுத்துக்கொண்ட அளவின் சராசரி 758 மில்லிகிராம் என்று இருந்தது. நான் தம்பியின் 9 ஆயிரத்தை நினைத்துக்கொண்டேன். எங்க தெருவில் அதுவரை "அவனுக்கு என்னமோ கால்ல" என்று பேசியவர்கள், அதற்குப் பிறகு பெயர் சொல்லி விசாரித்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே அவனுக்குப் பெரிய உதவியாக இருந்தது, நடிக்கிறான் என்று நினைப்பார்களோ என்ற பயம் போனது.

ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளிடம் இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்று தேடியபோது, 2000ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்ணில் பட்டது. ஏ.எல்.எல். வந்த 1,409 பிள்ளைகளைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் குறைவானவர்களில் 0.9 சதவீதம், பத்திலிருந்து இருபதுக்குள் இருந்தவர்களில் 14.2 சதவீதம். எலும்பு வேகமாக வளர்கிற, மூடிக்கொள்கிற வயது அது. 17 வயதில் நோய் வந்த என் தம்பி நேராக அந்தக் கூட்டத்தில் நிற்கிறான். அதற்குப் பிறகு வந்த இன்னோர் ஆய்வில், டெக்ஸாமெத்தசோனை மூன்று வாரம் தொடர்ந்து கொடுக்காமல், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்திப் பிறகு ஒரு வாரம் கொடுத்தால், வளர்ந்த பிள்ளைகளிடம் எலும்பு சாவது குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். கீமோவில் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ் என்ற மருந்துக்கும் இதில் பங்குண்டு, அது டெக்ஸாமெத்தசோன் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதமாக்குகிறது. பிறரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களில் 4 முதல் 19 சதவீதம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இது அபூர்வமான நோய் கிடையாது. வார்டில் பேசப்படாத நோய், அவ்வளவுதான்.

எலும்பு சாவது இடுப்பில் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் நாங்கள் தங்கிய லாட்ஜில் பக்கத்து அறையில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்திருந்த ஒரு பெரியம்மா இருந்தார். நோய் எலும்புக்குப் பரவியதால் எலும்பு அரிக்காமல் இருக்க மாதாமாதம் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி. நடுவில் ஆடுகிற பல் ஒன்றைச் சொந்த ஊரில் பிடுங்கியிருக்கிறார், ஊசி போடுகிற விஷயத்தைப் பல் டாக்டரிடம் சொல்லவில்லை. அந்தக் குழி மூடவே இல்லை, மாதக்கணக்கில் தாடை எலும்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அந்த வகை மருந்துகளால் தாடை எலும்பு சாவதை 2003லேயே மருத்துவ உலகம் கவனித்துவிட்டது. ஊசி தொடங்கும் முன்பே பல்லை எல்லாம் பார்த்துச் சரிசெய்துகொள்ளச் சொல்வது அதனால்தான். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பவர்களுக்கும் அப்படித்தான். கெட்ட பல்லை முன்னாடியே எடுத்துவிட வேண்டும், கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்குவது ஆபத்து. பெரியம்மா கஞ்சியை டம்ளரில் சாய்த்துச் சாய்த்துக் குடிப்பார், ஆனாலும் எங்களைப் பார்த்தால் சிரிக்காமல் போனதில்லை.

2022 பிப்ரவரியில் தம்பிக்கு இடது மூட்டு மாற்றினார்கள். அவனுக்கு அப்போது 23 வயது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்த மற்ற குடும்பங்கள் எல்லாம் தாத்தா பாட்டிக்காக வந்தவர்கள், எங்களிடமும் "யாருக்கு, உங்க அப்பாவுக்கா?" என்று கேட்டார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். அவன் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். வலிக்கிறதா என்று சிஸ்டர் பதறினார். "வலிக்கல சிஸ்டர், அதான்" என்றான். அறுத்த வலி இருந்தது, அந்தப் பழைய வலி இல்லை.

இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். மாற்றிய மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் உழைக்கும் என்று 2019ல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது, ஆனால் அந்தக் கணக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். 23 வயதுக்காரன் 60 வயதுக்குள் மறுபடியும் ஒருமுறையாவது மேஜையில் படுக்க வேண்டியிருக்கும், அவனுக்கே அது தெரியும். சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது. நம் ஊரில் இது சின்ன விஷயமா? வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிடலாம். கோயில் பிரகாரத்தில் எல்லாரும் உட்காரும்போது? குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வரிசையாக இலை போட்டுத் தரையில் உட்காரும்போது? போன வருடம் மாசியில் அவன் மட்டும் பிளாஸ்டிக் சேரில், இலையை மடியில் ஒரு தட்டின் மேல் வைத்துச் சாப்பிட்டான். சித்தப்பா பையன் எழுந்து போய் இன்னொரு சேரைத் தூக்கிக்கொண்டு வந்து, எதுவும் சொல்லாமல் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஸ்டீராய்டு விஷம் என்று நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அந்தப் பாவம் என்னைச் சேரும். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துபோயிருக்கும். அந்த நூறு மில்லிகிராம் இல்லாமல் இருந்திருந்தால் 2019லேயே நாங்கள் அவனைப் பறிகொடுத்திருப்போம். நான் கேட்பதெல்லாம், ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே, "கவட்டையிலோ, தொடையிலோ, முழங்காலிலோ, தோளிலோ வலி வந்தால் அன்றைக்கே சொல்லுங்க" என்று ஒரு வரி, தமிழில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான். உங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை எடுத்தவர் இருந்தால் நீங்களே கேளுங்கள். காலை உள்பக்கம் திருப்பினால் இழுக்கிறதா, சாக்ஸ் போட, கால் நகம் வெட்ட எட்டுகிறதா, படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பாருங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால் அங்கேயே திருப்திப்பட்டுவிடாமல், ஸ்டீராய்டு எடுத்த கதையைச் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். ஒரு பக்கம் வந்திருந்தால் மறு பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூட இது தலைகாட்டும்.

என் மனதில் இருந்த அந்தப் பாரத்தை அவனிடம் ஒரே ஒரு முறை சொன்னேன், மூட்டு மாற்றிய பிறகு, ஆஸ்பத்திரியில், ராத்திரி. என் செல் உன்னைத் தாக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டிருக்காதே என்று. அவனுக்கு முன்பு ஓ பாசிட்டிவ் ரத்தம், இப்போது என்னுடைய பி பாசிட்டிவ். கட்டிலில் மாட்டியிருந்த சீட்டைக் கழற்றி, ரத்த வகை எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "அடிச்சதும் இதுதான், இப்ப மூச்சு விட வச்சிருக்கிறதும் இதுதான். எனக்கு ரெண்டும் தனித்தனியா தெரியலக்கா" என்றான். அப்புறம் தண்ணீர் கேட்டான்.

இப்போது ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறான், உயரமான சேர் ஒன்றைக் கடைக்காரரே அவனுக்காக வாங்கிப் போட்டிருக்கிறார். வலது பக்கத்துக் கோடு கடைசி மூன்று எம்.ஆர்.ஐ.யிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பந்து உருண்டையாகவே இருக்கிறது. அடுத்த படம் ஆகஸ்டில். காலையில் கட்டிலை விட்டு எழும்போது இடது காலைப் பற்றி அவன் யோசிப்பதே இல்லை. வலது காலைத்தான் முதலில் மெதுவாக ஊன்றி, ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டு அடுத்த அடி வைக்கிறான்.